கரண்ட் போய் வந்தால் தேடல் ஏன் திணறுகிறது?

குன்னூரில் மழைக்காலத்தில் கரண்ட் போவது செய்தியே இல்லை. தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பியின் மேல் சாயும். சில நாள் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சில நாள் மறுநாள் காலைதான்.

நான் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் இங்கே ஒரு சிறிய ஆவண அறையில் இருக்கிறது. பழைய தேயிலைத் தோட்டக் கணக்குகள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் இதழ்கள், திருவிழா நோட்டீஸ்கள் என்று சேர்ந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து உரையாக்கி, ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் பக்கங்கள் வந்து நிற்கும்படி வைத்திருக்கிறோம். அறைக்குப் பொறுப்பான அக்கா ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, மத்தியானம் தட்டுனா டக்குனு வருதுங்க. கரண்ட் போய் வந்த அன்னிக்குக் காலையில மட்டும் சுத்திக்கிட்டே கிடக்குது. மிஷினுக்கும் குளிருதா என்ன?”

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வதைக் கேஷ் என்பார்கள். குளிர்ந்த கேஷ், சூடான கேஷ் என்பவை கம்ப்யூட்டர்காரர்கள் தினமும் புழங்கும் சொற்கள். அக்காவின் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், தேடல் இயந்திரத்துக்கு ரேம் என்ற தற்காலிக நினைவகம் எவ்வளவு வேண்டும், எந்த டிஸ்க் வாங்கலாம், காசை எதில் போடலாம் என்கிற கேள்விகளும் அதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

முதலில், தேடும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ஒரு லட்சம் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதேதான். சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்க எண்களைப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் இதற்கு இன்டெக்ஸ் என்று பெயர். ‘தேயிலை விலை’ என்று தட்டினால், முதல் சொல்லின் எண் பட்டியலை எடுக்கும், இரண்டாவதின் பட்டியலை எடுக்கும், இரண்டிலும் உள்ள எண்களைப் பொறுக்கும், அதில் மேலான பத்துப் பக்கங்களின் உரையை எடுத்து வந்து காட்டும். 1999-ல் டக் கட்டிங் எழுதத் தொடங்கிய லூசீன் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த வேலைக்கென்றே இருப்பது. இன்று பெரிய நிறுவனங்கள் ஓட்டும் எலாஸ்டிக்சர்ச்சுக்கு உள்ளே இருப்பதும் அதுதான். எங்கள் அறையில் ஓடுவதும் அதுவே.

இந்த இன்டெக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளாகக் கிடக்கிறது. தேடல் மென்பொருள் அதில் ஒரு துண்டைக் கேட்டால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும்போதே ஒரு பிரதியை ரேமில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாக. அடுத்த முறை அதே பக்கம் வேண்டுமென்றால் டிஸ்க் பக்கமே போவதில்லை. யாரும் சொல்லாமல், எந்த அமைப்பும் மாற்றாமல், சும்மா கிடக்கும் ரேம் முழுவதையும் அது இப்படி நிரப்பிக்கொள்கிறது. மத்தியானம் தேடல் பறப்பதற்குக் காரணம், காலையிலிருந்து தேடியவர்கள் எல்லாரும் சேர்ந்து இன்டெக்ஸின் முக்கியமான பகுதிகளை ரேமுக்கு ஏற்றி வைத்திருப்பது. கரண்ட் போனால் ரேம் துடைத்த பலகை. மறுநாள் முதலில் வருகிறவர் டிஸ்க்கோடு நேரடியாக மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

எவ்வளவு பெரிய வித்தியாசம்? ரேமில் ஓரிடத்தைத் தொட ஏறக்குறைய 100 நானோநொடி ஆகும். சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் சாதாரண எஸ்எஸ்டியில் ஏதோ ஒரு மூலையிலிருந்து 4 கேபி எடுக்க 100 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்ளலாம். நல்லதென்றால் இன்னும் குறையும். ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லிநொடி. இந்த எண்கள் மனசில் நிற்காது. அதனால் ரேமின் 100 நானோநொடியை 1 நொடி என்று நீட்டிப் பார்ப்போம். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டி 1,000 நொடி, அதாவது 17 நிமிடம்: கடைவீதி முனை வரை நடந்து போய் வரும் நேரம். ஹார்ட் டிஸ்க் 1,00,000 நொடி, கிட்டத்தட்ட 28 மணி நேரம். நம்ம மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஊட்டிக்கு மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகும் ஹார்ட் டிஸ்க் அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் இவ்வளவு மெதுவாக இருப்பதற்குக் காரணம் அது ஓர் இயந்திரம் என்பதே. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், 4 மில்லிநொடிக்கு மேல். அதற்கு முன்னால் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்ந்தால் நொடிக்கு 100 தடவைதான் அங்கும் இங்குமாக எடுத்துக் கொடுக்க முடியும். அந்தக் காலத்திலிருந்து இந்தக் காலம் வரை கொள்ளளவு எத்தனையோ மடங்கு பெருகியும் இந்த 100 பெரிதாக மாறவில்லை, தட்டு இன்னும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

(மலையில் காற்று மெல்லிசு, ஹார்ட் டிஸ்க் தாங்காது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. படிக்கும் தலை தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே காற்று மெத்தையில் மிதக்கிறது என்பதால் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பொதுவாக விற்கும் டிஸ்க்குகள் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும் என்றுதான் தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.)

சரி, ஒரு தேடலுக்கு எத்தனை தடவை டிஸ்க்கைத் தொட வேண்டும்? இதை எண்ணிப் பார்க்காமல்தான் பலரும் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லூசீன் புதுப் பக்கங்களைச் சேர்க்கும்போது பழைய கோப்பைத் திருத்துவதில்லை. புதிதாக ஒரு துண்டு எழுதி வைத்துவிடும். ஒவ்வொரு துண்டும் தனிச் சொல்லடைவு. பிறகு ஓய்வாகப் பல துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும். ஏதோ ஒரு சமயத்தில் 20 துண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சொற்கள், 20 துண்டுகள், ஒவ்வொன்றிலும் சொற்பட்டியலில் ஒரு தொடல், எண் பட்டியலில் ஒரு தொடல்: 80 ஆகிவிட்டது. காட்ட வேண்டிய பத்துப் பக்கங்களின் உரையை எடுக்க இன்னும் 10, 20. மொத்தம் 100. ஹார்ட் டிஸ்க்கில் 1 நொடி. எஸ்எஸ்டியில் 10 மில்லிநொடி. ரேமில் இருந்தால் கணக்கிலேயே வராது.

ஒரு நொடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் யாராவது ‘தேயிலை’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் கேட்டால்? தேயிலையை, தேயிலைக்கு, தேயிலையின், தேயிலைத்தோட்டம், தேயிலைத்தூள் என்று 200 வடிவம் இருக்கிறதென்றால், 20 துண்டுகளில் 4,000 தொடல். மோசமான கணக்கில் 40 நொடி. அகரவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால் நிஜத்தில் அவ்வளவு ஆகாது என்றாலும், அக்கா பார்த்த சுற்றல் இதுதான். எஸ்எஸ்டியில் இதே 4,000 தொடல் 0.4 நொடியில் முடிந்துவிடும்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ரேம். இன்டெக்ஸ் சுமார் 5 ஜிபி. லூசீன் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா நிரலுக்குத் தனியாக ஒரு நினைவக ஒதுக்கீடு உண்டு, அதை ஹீப் என்பார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது பொதுவாக மொத்த ரேமில் கால் பங்கு வரை எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு 2 ஜிபி. ‘தேடலுக்கு ரேம் போதவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்து அதை 6 ஜிபி ஆக்கினேன். தேடல் இன்னும் மோசமானது. மத்தியானமும் சுற்ற ஆரம்பித்தது.

இரண்டு நாள் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது. இன்டெக்ஸ் கோப்புகள் ஹீப்புக்குள் வந்து உட்காருவதில்லை. லூசீன் அவற்றை முகவரிப் பரப்பில் விரித்து வைத்துக்கொண்டு, ரேமில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமே விட்டுவிடுகிறது. அதாவது இன்டெக்ஸ் குடியிருப்பது யாருக்கும் ஒதுக்காமல் மிச்சம் கிடக்கும் ரேமில். நான் ஹீப்பை 2-லிருந்து 6 ஆக்கியபோது அந்த மிச்சத்தை 6-லிருந்து 2 ஆக்கிவிட்டேன். 5 ஜிபி இன்டெக்ஸ் 2 ஜிபியில் எப்படி அடங்கும்? ஒரு பக்கத்தை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டியிருந்தது. நிரலுக்கு நல்லது செய்வதாக நினைத்து அதன் படுக்கையையே பிடுங்கியிருக்கிறேன்.

எலாஸ்டிக்சர்ச் ஓட்டுபவர்களுக்குச் சொல்லப்படும் பழைய அறிவுரை, மொத்த ரேமில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்காதே என்பது. அதற்கு மேல் இன்னொரு எல்லையும் உண்டு. ஹீப் ஏறக்குறைய 32 ஜிபியைத் தாண்டினால் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் தன் சுட்டிகளை ஜாவா சுருக்கி வைக்க முடியாமல் போய், ஒவ்வொன்றும் 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆகிவிடும். 40 ஜிபி கொடுத்தாலும் 31 கொடுத்ததை விடக் குறைவாகவே பயன்படுவது போல் ஆகலாம். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அந்தக் கவலை இல்லை. பாதி என்பதுகூட நமக்கு அதிகம். வேலை முடிந்த நினைவகத்தை ஜாவா திரும்ப எடுத்துக்கொள்ளும் குப்பை சேகரிப்பு அடிக்கடி ஓடி மூச்சுத் திணறாத அளவுக்கு ஹீப் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் சும்மா கிடக்கட்டும்.

‘சும்மா கிடக்கட்டும்’ என்பதுதான் மேலாளர்களுக்குப் பிடிக்காத சொல். லினக்ஸில் நினைவகக் கணக்கைக் காட்டும் கட்டளையைத் தட்டினால், காலியாக இருப்பது சில நூறு எம்பிதான் என்று காட்டும். பார்த்ததும் பதறிப்போய் ரேம் தீர்ந்துவிட்டது என்பார்கள். அதே வரியில் கேஷ் என்று ஒரு பெரிய எண் இருக்கும், கடைசியில் ‘கிடைக்கக்கூடியது’ என்று ஒன்று இருக்கும். அவற்றைத்தான் பார்க்க வேண்டும். தேடல் சர்வரில் காலி ரேம் நிறைய இருக்கிறது என்றால் ஒன்று இப்போதுதான் மிஷின் எழுந்திருக்கிறது, அல்லது இன்டெக்ஸ் மொத்தமும் ஏறிய பிறகும் இடம் மிஞ்சியிருக்கிறது.

இதைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது. ரேம் போதாமல் ஹீப்பின் ஒரு பகுதியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்குக்கு இறக்கிவிடுவது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். ஜாவாவின் குப்பை சேகரிப்பு ஹீப்பை மூலை முடுக்கெல்லாம் தொட்டுப் பார்க்கும் வேலை. அந்த மூலைகள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் மிஷின் செத்துப்போனது போலவே இருக்கும். தேடல் சர்வரில் ஸ்வாப்பை அணைத்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், எங்கள் இன்டெக்ஸ் ஏன் 5 ஜிபி ஆனது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நியாயமாக அது அவ்வளவு பெரிதாக இருந்திருக்கக் கூடாது. ஒரு தமிழ்ப் பக்கத்தில் 2,000 குறியீடுகள் என்று வைத்தால், யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பக்கத்துக்கு 6 கேபி. ஒரு லட்சம் பக்கத்துக்கு 600 எம்பி. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்பதால் நாம் மூன்று மடங்கு கொடுக்கிறோம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். இன்டெக்ஸில் அது பெரிய விஷயமே இல்லை. சொல்லின் வடிவம் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. பெருகுவது எண்கள். அந்த எண்களையும் லூசீன் அப்படியே எழுதுவதில்லை. 48210, 48213, 48221 என்றால் முதல் எண்ணை எழுதிவிட்டு, பிறகு 3, 8 என்று இடைவெளியை மட்டும் எழுதும். சின்ன எண்ணுக்குச் சின்ன இடம். பிரித்துப் படிக்க சிபியூவுக்குக் கொஞ்சம் வேலை கூடுகிறது, ஆனால் அதே ரேமில் எத்தனையோ மடங்கு இன்டெக்ஸ் அடங்குகிறது. இன்டெக்ஸைச் சுருக்குவது ரேம் வாங்குவதற்குச் சமம்.

நம் மொழியின் சிக்கல் வேறு இடத்தில். மலை, மலையில், மலைக்கு, மலையிலிருந்து, மலையோரத்தில் எல்லாம் இயந்திரத்துக்குத் தனித்தனிச் சொற்கள். ‘மலை’ என்று தேடினால் மற்றதெல்லாம் வராது. இதற்கு இரண்டு வழி. விகுதிகளை வெட்டி வேரை மட்டும் இன்டெக்ஸில் வைப்பது ஒன்று; ஸ்னோபால் என்ற கட்டற்ற தொகுப்பில் தமிழுக்கும் ஒரு வெட்டி இருக்கிறது. இன்னொன்று, சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாத் துண்டுகளையும் இன்டெக்ஸில் போடுவது. நான் சோம்பல்பட்டு இரண்டாவதைச் செய்திருந்தேன். 8 குறியீடுகள் உள்ள ஒரு சொல்லை 2 முதல் 8 வரை எல்லா நீளத்திலும் வெட்டினால் 7, 6, 5 என்று இறங்கி மொத்தம் 28 துண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு என்பது 28 பதிவானது. அத்தோடு எழுத்துணரியின் தப்புகள். ‘ள’வை ‘ன’ என்றும் ‘ர’வைக் கால் என்றும் படித்த ஒவ்வொரு தப்பும் பட்டியலில் ஒரு புதுச் சொல், அதற்கும் 28 வரை துண்டு.

இன்னொரு தமிழ்த் தொல்லை, கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதை யூனிகோடில் க-வோடு ஒகரக் குறி ஒன்று சேர்த்தும் எழுதலாம், க-வோடு எகரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் 6, 9. இன்டெக்ஸில் சேர்ப்பதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ‘கொடைக்கானல்’ இரண்டு ஊராகிவிடும்.

கொடைக்கானல் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே உள்ள சூரிய ஆய்வு நிலையத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படத் தட்டுகளை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். 4096க்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்று ஒரு படத்தைக் கணக்கிட்டால் 32 எம்பி. எந்த நாளில், எந்த ஒளியில் எடுத்த படம் என்ற விவரம் சில நூறு பைட்டுக்குள் முடிந்துவிடும். எங்கள் அறையிலும் அப்படித்தான். ஒரு ஏ4 பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில் கருப்பு வெள்ளைச் சாயலில் ஸ்கேன் செய்தால், சுருக்காமல் 8.7 எம்பி. அதன் உரை 6 கேபி. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு லட்சம் பக்கப் படங்களுக்கு 870 ஜிபி வேண்டும். அதை எஸ்எஸ்டியில் வைப்பது வீண் செலவு. படத்தை ஒருவர் ஒரு தடவை திறக்கிறார், வரிசையாக ஒரே ஓட்டத்தில் படிக்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்கு அது சுலபமான வேலை. இன்டெக்ஸ்தான் ஆயிரம் இடத்தில் தொடப்படுவது. ‘சர்வருக்கு எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா’ என்று யாராவது கேட்டால், ‘அதில் எந்தக் கோப்புக்கு?’ என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

எஸ்எஸ்டி வாங்கப் போனால் பெட்டியின் மேல் நொடிக்கு 7,000 எம்பி என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது ஒரே பெரிய கோப்பை நேராக இழுக்கும் வேகம். தேடல் அப்படி இழுப்பதில்லை. ஒரு 4 கேபியைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்து எங்கே போவது என்று தெரிகிறது. ஒரு தொடலுக்கு 80 மைக்ரோநொடி என்றால் நொடிக்கு 12,500 தொடல், 4 கேபி வீதம் 50 எம்பி. அவ்வளவுதான். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியே 550 எம்பி வரை கொடுக்கும் என்பதால், தனி ஆள் தேடலில் சாட்டாவுக்கும் என்விஎம்இ என்ற புதிய வகைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது. ஒரே சமயத்தில் நூறு பேர் தேடும்போதுதான் என்விஎம்இயின் அருமை தெரியும். சாட்டாவில் ஒரே வரிசை, அதில் 32 கோரிக்கை. என்விஎம்இயில் ஆயிரக்கணக்கில் வரிசைகள் வைக்கலாம். எங்கள் அறையில் ஒரே சமயத்தில் மூன்று பேர் தேடினால் அது திருவிழா. சாட்டாவே போதும் என்று முடிவு செய்தேன், கோயம்புத்தூர் கடைக்காரர் முகம் சுளித்தார்.

எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. துண்டுகளைச் சேர்க்கும்போது பழையதும் புதியதும் சற்று நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கினால் இன்டெக்ஸ் அளவு இடம் கூடுதலாக வேண்டியிருக்கும். எலாஸ்டிக்சர்ச் இயல்பாகவே 85 சதவீதம் நிரம்பியதும் அந்த டிஸ்க்குக்கு இன்டெக்ஸின் புதுப் பங்குகளை அனுப்பத் தயங்கும், 95-ல் எழுதுவதையே நிறுத்திவிடும். மெமரி கார்டில் இன்டெக்ஸை வைத்து ராஸ்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: யூஎஸ்பியில் ஒரு பழைய எஸ்எஸ்டியை மாட்டுங்கள், வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. லூசீன் பழைய துண்டுகளைத் திருத்துவதில்லை என்று சொன்னேன் அல்லவா? அது இங்கே கைகொடுக்கிறது. பாதியில் நின்ற புதுத் துண்டு வீணாகப் போகும். கடைசியாக உறுதி செய்த நிலை அப்படியே இருக்கும். ஆனால் ‘உறுதி செய்தாயிற்று’ என்று டிஸ்க் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். சில மலிவான எஸ்எஸ்டிகள் தமக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடும். மின்தேக்கி வைத்த சர்வர் வகை எஸ்எஸ்டிகள் கரண்ட் போன அந்தக் கணத்தில் மிச்சத்தை எழுதி முடிக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. எனக்கு அது தேவைப்படவில்லை. இன்டெக்ஸ் என்பது உரையிலிருந்து மறுபடி உண்டாக்கக்கூடிய பொருள். அது கெட்டால் ஒரு மத்தியானத்தில் திரும்பக் கட்டிவிடலாம். எழுத்துணரி கொடுத்த உரை போனால் வாரக்கணக்கில் வேலை. ஸ்கேன் படம் போனால், அந்தக் காகிதம் இதற்குள் பூஞ்சை பிடித்திருக்கும். பாதுகாப்புக்கு உள்ள காசை நான் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்துச் செலவிட்டேன்: படத்துக்கு மூன்று பிரதி, உரைக்கு மூன்று, இன்டெக்ஸுக்கு ஒன்றுமில்லை.

பெரிய ஆட்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்றால், பணத்தால். கூகுள் 2001-லேயே தன் இன்டெக்ஸ் முழுவதையும் பல மிஷின்களின் ரேமில் பரப்பி வைத்துவிட்டது. டிஸ்க்கைத் தொடவே வேண்டாம் என்று ஆனபிறகு, முன்பு நினைத்தே பார்க்க முடியாத தேடல் முறைகளையெல்லாம் செய்ய முடிந்தது. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்கு அறை அறையாக மிஷின் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு சிறிய ஆவண அறையின் இன்டெக்ஸ் ஒரு மடிக்கணினியின் ரேமுக்குள் அடங்கிவிடுகிறது. அடங்கிவிட்டால் அதற்குப் பிறகு டிஸ்க் எதுவானாலும் மத்தியானத் தேடலில் வித்தியாசமே தெரியாது. தெரிவதெல்லாம் அக்கா சொன்ன அந்தக் காலை நேரத்தில் மட்டும்.

அந்தக் காலை நேரத்துக்குக் கடைசியில் கிடைத்த மருந்துக்கு ஒரு பைசா செலவில்லை. 5 ஜிபி இன்டெக்ஸில் 4 கேபி பக்கங்கள் சுமார் 13 லட்சம். தேடுகிறவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுத் தொட்டு ஏற்றினால், ஹார்ட் டிஸ்க்கில் தொடலுக்கு 10 மில்லிநொடி வீதம் மொத்தமாக மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மத்தியானம்தான் சரியாகிறது என்று அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அதே ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 எம்பி கொடுக்கும். 5 ஜிபிக்கு 34 நொடி. தலை அலையாமல் தட்டு சுற்றச் சுற்ற அள்ளிக்கொண்டே போவதால் வரும் வேகம் அது. மிஷின் எழுந்ததும் இன்டெக்ஸ் கோப்புகளை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை சும்மா படித்துத் தூக்கிப்போடும் ஒரு வரிக் கட்டளையை எழுதி வைத்தேன். படித்தது எங்கும் போகவில்லை, ஆனால் போகிற வழியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் ரேமில் பிடித்து வைத்துக்கொண்டது.

ஹீப்பைத் திரும்ப 2 ஜிபிக்குக் கொண்டு வந்த பிறகுதான் இது வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதும் 8 ஜிபிக்குள் நெருக்கியடித்த ஒண்டுக் குடித்தனம்தான். பிறகு துண்டு வெட்டுவதை விட்டுவிட்டு விகுதி வெட்டிக்கு மாறியதும் இன்டெக்ஸ் 1 ஜிபிக்குக் கீழே இறங்கியது. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ரேமை வாங்கவில்லை. சாட்டா எஸ்எஸ்டி மட்டும் வந்தது, அந்தக் காசில் மிச்சத்துக்கு ஒரு யூபிஎஸ் பேட்டரி.

போன வாரம் மறுபடி மரம் விழுந்து இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் அக்கா மிஷினைப் போட்டுவிட்டு வழக்கம் போல அடுப்பில் டீத்தண்ணீர் வைக்கப் போனார். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது கொதிப்பதற்குள் உள்ளே வந்து எட்டிப் பார்த்து, “தேடட்டுமா தம்பி, இன்னும் குளிருதுங்களா அதுக்கு?” என்றார். தேடச் சொன்னேன்.